டார்ஜானும் ஓபார் ரத்தினங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த புக்? வரிசையில எங்க வருது?

எட்கர் ரைஸ் பர்ரோஸ் எழுதின 24 டார்ஜான் புக்ல இது அஞ்சாவது, இங்கிலீஷ்ல பேரு டார்ஜான் அண்ட் தி ஜூவல்ஸ் ஆஃப் ஓபார். 1916 நவம்பர், டிசம்பர்ல ஆல்-ஸ்டோரி வீக்லிங்கிற அமெரிக்கப் பத்திரிகைல தொடரா வந்துச்சு, 1918ல சிகாகோல இருந்த மெக்ளர்க் கம்பெனி புக்கா போட்டாங்க, ஜே. ஆலன் செயின்ட் ஜான் வரைஞ்ச படங்களோட. மொத்தம் 24 அத்தியாயம். அதே 1918 ஜனவரியிலதான் முதல் டார்ஜான் படமும் ரிலீஸ் ஆச்சு, எல்மோ லிங்கன் நடிச்சது, லூசியானா சதுப்புக்காட்டைக் காட்டி இதான் ஆப்பிரிக்கான்னு சொல்லி எடுத்த படம். ஆக டார்ஜான் காட்டுத்தீ மாதிரி பரவ ஆரம்பிச்ச நேரத்துல வந்த புக் இது.

பல்ப் நாவல் பல்ப் நாவல்னு சொல்றாங்களே, அது என்ன?

மரக்கூழ்ல செஞ்ச மட்டமான பேப்பர்ல அச்சடிச்ச கதைப் பத்திரிகைகள், அதான் பல்ப். ஃபிராங்க் மன்சிங்கிற பதிப்பாளர் 1896ல ஆர்கோசிங்கிற தன்னோட பத்திரிகைய முழுக்க கதைப் பத்திரிகையா மாத்தினதுல தொடங்குது இது. படம் கம்மி, விலை கம்மி, கதை நிறைய. எழுத்தாளருக்குக் காசு பெரும்பாலும் வார்த்தைக்கு இவ்வளவுன்னு கணக்கு, அதனால யாரும் சுருக்கி எழுத மாட்டாங்க பாருங்க.

பர்ரோஸ் இந்த உலகத்துக்குள்ள வந்த கதையே ஒரு நாவல்தான். 1875ல சிகாகோல பொறந்தவரு, குதிரைப்படைல கொஞ்ச நாள், அப்புறம் என்னென்னமோ வேலை, எதுவும் நிலைக்கல. 1911ல, 35 வயசுல, பென்சில் ஷார்ப்னர் வியாபாரம் பண்ணிக்கிட்டிருந்தவரு, இந்த மாதிரி பத்திரிகைல வர்ற கதையை விட நல்லாவே நம்மால கதை கட்ட முடியும்னு உக்காந்து எழுத ஆரம்பிச்சாரு. முதல்ல செவ்வாய் கிரகக் கதை ஒண்ணு, 400 டாலர். அடுத்து 1912 அக்டோபர்ல முதல் டார்ஜான், 700 டாலர். ரெண்டாவது டார்ஜானை ஆல்-ஸ்டோரி எடிட்டர் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாரு, இவரு அதை நியூ ஸ்டோரிங்கிற போட்டிப் பத்திரிகைக்கு ஆயிரம் டாலருக்கு வித்துட்டாரு. அதுக்கப்புறம் அந்த எடிட்டருங்க எப்படி இருந்திருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

சரி, கதை என்ன? (முழுக் கதையும் இங்க இருக்கு, வேணாம்னா அடுத்த கேள்விக்குப் போங்க)

காங்கோல இருக்கிற பெல்ஜியம் ராணுவ முகாம்ல ஆல்பெர்ட் வெர்ப்பர்னு ஒரு லெப்டினன்ட். ஊர்ல பண்ணின தப்புக்கு தண்டனை மாதிரி இங்க தள்ளிவிட்டிருக்காங்க. வெயில், தனிமை, வெறுப்பு எல்லாம் சேந்து ஒரு ராத்திரி தன்னோட கேப்டனையே சுட்டுட்டு காட்டுக்குள்ள ஓடறான். அங்க அக்மத் ஜெக்னு ஒரு அரபு அடிமை வியாபாரி, அவன் கோஷ்டில சேந்துக்கறான். ரெண்டு பேரும் போடற பிளான், டார்ஜான் பொண்டாட்டி ஜேனைத் தூக்கிட்டுப் போய் பணம் பறிக்கறது.

இந்த சமயத்துல டார்ஜான் யாருன்னா, இங்கிலாந்துல பிரபு பட்டம், ஆப்பிரிக்கால பெரிய பண்ணை, கூட வசீரி இனத்து வீரர்கள். ஆனா பணம் போட்டிருந்த கம்பெனி ஒண்ணு திவாலாகி கையில காசு இல்ல. அதனால ரெண்டாவது புக்ல தங்கம் எடுத்துட்டு வந்த ஓபார்ங்கிற பாழடைஞ்ச நகரத்துக்கு மறுபடி போயி இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வரலாம்னு கிளம்பறான். வெர்ப்பர் பிரெஞ்சுக்கார வேட்டைக்காரன் வேஷத்துல பண்ணைக்கு விருந்தாளியா வந்து இதையெல்லாம் ஒட்டுக்கேட்டுட்டு பின்னாடியே போறான்.

ஓபார் சுரங்க அறைல டார்ஜான் நிக்கறப்ப பூகம்பம், தலையில கல்லு விழுந்து எல்லாம் மறந்து போச்சு. பட்டம், பண்ணை, பொண்டாட்டி, இங்கிலீஷ் எல்லாம். குரங்குக் கூட்டத்துல வளந்த காலம் மட்டும் மிச்சம். அப்படியே இருட்டுல தடவி வேற ஒரு அறைக்குப் போறான், அங்க குவியல் குவியலா ரத்தினம், கலர் கலரா அழகா இருக்கேன்னு ஒரு பை நிறைய அள்ளிக்கறான். அது விலை மதிப்பில்லாததுன்னு அவனுக்குத் தெரியாது. கூட வர்ற வெர்ப்பருக்கு நல்லாவே தெரியும்.

அந்தப் பக்கம் அக்மத் ஜெக் பண்ணையை எரிச்சு ஜேனைத் தூக்கிட்டுப் போயிடறான். இங்கிருந்து கதை மூணு நாலு பக்கமா பிச்சுக்கிட்டு ஓடுது, அபிசீனிய (இப்ப எத்தியோப்பியா) படை ஒண்ணு நடுவுல வருது, குரங்குங்க வருது, மதம் பிடிச்ச யானை வருது, சிங்கம் அத்தியாயத்துக்கு ஒண்ணு வருது. கடைசில எல்லாம் ஒண்ணு சேருது.

ஹீரோவுக்கு ஞாபக மறதின்னா நம்ம சீரியல் மாதிரி இல்லையா? மட்டமான ட்ரிக் தானே?

ட்ரிக்தான், ஒத்துக்கறேன். ஆனா இந்த புக் ஓடறதே அந்த ட்ரிக்காலதான்னு நான் சொல்வேன். யோசிச்சுப் பாருங்க, தொடர் எழுதறவனுக்கு வர்ற பெரிய தலைவலி என்ன, ஹீரோ ஜெயிச்சுட்டான், கல்யாணம் ஆச்சு, சொத்து வந்துச்சு, டின்னர் ஜாக்கெட் போட ஆரம்பிச்சுட்டான், இனிமே அவன் எதுக்கு மரத்துல தொங்கணும்? முதல் புக்ல ஜனங்க விரும்பினது காட்டு ஆளை. நாலு புக்ல பர்ரோஸ் அவனை பண்ணைக்கார துரையா மாத்தி வெச்சுட்டாரு, நாலாவது புக்ல பையனை ஹீரோவாக்கிப் பாத்தாரு. அஞ்சாவதுல அந்த துரையைத் தலையில கல்லைப் போட்டு கழட்டிவிட்டு பழைய காட்டு ஆளை வெளிய எடுக்கறாரு. ஒரே கல்லுல நாலு புக் வளர்ச்சியும் காலி.

இதுல பெருசா கவனிக்க வேண்டியது, அந்த மறதி வெறும் சாக்கா நின்னுடல. ஞாபகம் இல்லாத டார்ஜானுக்குப் பேராசை இல்ல, பழிவாங்கற புத்தி கூட குழந்தைத்தனமாதான் இருக்கு, கல்லு பளபளன்னு இருக்கு எனக்கு வேணும், அவ்வளவுதான். அவன் பக்கத்துல படிச்ச, நாகரிகமான வெர்ப்பர் உக்காந்துக்கிட்டு ராத்திரி முழுக்க அந்தப் பையையே பாத்துக்கிட்டிருக்கான். ரெண்டு பேரும் ஒண்ணா நடந்து போற அத்தியாயங்கள்தான் புக்லயே பெஸ்ட். அதுலயும் டார்ஜான் தூங்கறதுக்கு முன்னாடி நாய் எலும்பைப் புதைக்கற மாதிரி பையை மண்ணுல புதைச்சு வைக்கறதும், இவன் அதைத் தோண்டி எடுத்துட்டு ஓடறதும். வசனமே ரொம்ப இல்ல, ஆனா ரெண்டு மனுஷனும் முழுசா தெரிஞ்சுடறாங்க.

பர்ரோசுக்கும் இந்த ட்ரிக் பிடிச்சுப் போச்சு போல, பின்னாடி வந்த புக்லயும் தலையில அடி, மறதின்னு இதையே திரும்ப எடுத்து விட்டாரு, அங்கெல்லாம் இந்த அளவுக்கு எடுபடல.

அந்த ரத்தினப் பை யார் யார் கைக்குப் போகுது? படிக்கறப்ப குழம்புது.

எல்லாருக்கும் குழம்பும். சுருக்கமா: டார்ஜான் எடுத்தான், வெர்ப்பர் திருடினான், வெர்ப்பர் தூங்கறப்ப டார்ஜானோட வீரன் முகாம்பி ரத்தினத்தை எடுத்துட்டு பைக்குள்ள ஆத்துக் கூழாங்கல்லைப் போட்டு வெச்சுட்டான். இது தெரியாம வெர்ப்பர் அதே பையைக் காட்டி அக்மத் ஜெக்கோட பேரம் பேசறான், அவன் பிரிச்சுப் பாத்தா கூழாங்கல்லு, அந்த அதிர்ச்சில நிக்கறவனை வெர்ப்பர் சுட்டுடறான். நிஜ ரத்தினம் முகாம்பிகிட்ட இருந்து சுல்க்குங்கிற குரங்கு கைக்குப் போயி, அங்கிருந்து மறுபடி வெர்ப்பருக்கே வந்து சேருது. பல மாசம் கழிச்சு டார்ஜானும் ஜேனும் காட்டுல போறப்ப ஒரு எலும்புக்கூடு, பக்கத்துல பை.

என்னைக் கேட்டா இந்த நாவலுக்கு ஹீரோ அந்தப் பைதான். வாரா வாரம் பத்திரிகை வாங்கறவனுக்கு போன வாரம் யாரு எங்க இருந்தாங்கன்னு மறந்துடும், ஆனா பை எவன்கிட்ட இருக்குங்கிறது மட்டும் மறக்காது. பர்ரோஸ் அத்தியாயத்தை முடிக்கற விதமே அப்படித்தான், டார்ஜானைக் கட்டிப் போட்டு மேல கத்தி ஓங்கின இடத்துல விட்டுட்டு அடுத்ததுல ஜேனைப் பாக்கப் போயிடுவாரு, அங்க அவளை சிங்கத்துக்கு முன்னாடி நிறுத்திட்டு வெர்ப்பர்கிட்ட வந்துடுவாரு. மொத்தமா ஒரே மூச்சுல படிச்சா இந்தத் தாவல் கொஞ்சம் எரிச்சல் தரும், நாளைக்கு நாலு அத்தியாயமா படிங்க, ருசியா இருக்கும்.

லா யாரு? அவளை ஏன் இவ்வளவு பேரு கொண்டாடறாங்க?

ஓபாரோட தலைமைப் பூசாரிப் பெண், சூரியனைக் கும்புடற கூட்டம், நரபலி குடுக்கறவ. ரெண்டாவது புக்ல டார்ஜானை பலி குடுக்க வந்து அவன் மேல ஆசைப்பட்டுட்டா. அவன் வேண்டாம்னுட்டான். இந்த புக்ல பலிக் கத்தியை எடுத்துட்டு அவன் கிளம்பிட, கோவில் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு, ஓபாரை விட்டே வெளிய போகாதவ, காட்டுக்குள்ள துரத்திட்டு வர்றா. பிடிச்சுக் கட்டியும் போட்டுட்டா. ராத்திரி முழுக்க கொல்லணுமா வேண்டாமான்னு அவளுக்குள்ள ஓடற போராட்டம் இருக்கே, பல்ப் கதைல அவ்வளவு நேரம் ஒரு வில்லி மனசுக்குள்ள நின்னு பாக்கறது அபூர்வம். அப்புறம் மதம் பிடிச்ச தாந்தோர், அதாவது யானை, கூட்டத்துக்குள்ள பாய, கட்டை அவிழ்த்துவிடப்பட்ட டார்ஜான் அவளையே தூக்கிட்டு மரத்து மேல ஏறறான்.

ஜேன் நல்ல மனைவி, பாவம், ஆனா பர்ரோஸ் லாவைப் பத்தி எழுதறப்பதான் பேனாவுக்கு உயிர் வருது. ஓபாரும் லாவும் மொத்தம் நாலு புக்ல வர்றாங்க: ரெண்டு, அஞ்சு, ஒன்பது, பதினாலு.

சீட்டா குரங்கு எங்க? "மீ டார்ஜான், யூ ஜேன்" எங்க?

ரெண்டும் சினிமா சமாச்சாரம். நாவல்ல சீட்டா கிடையாது, பின்னாடி புக்ல என்கீமான்னு ஒரு குட்டிக் குரங்கு வரும். அந்த வசனம் 1932ல ஜானி வைஸ்முல்லர் நடிச்ச படத்துல கூட அப்படியே இல்ல. நாவல் டார்ஜான் அப்பா அம்மா விட்டுட்டுப் போன புக்குகளை வெச்சு தானே இங்கிலீஷ் படிக்கக் கத்துக்கிட்டவன், வாயால பேசின முதல் மனுஷ பாஷை பிரெஞ்சு. படம் மட்டும் பாத்துட்டு வர்றவங்க இங்கதான் ஆடிப் போயிடுவாங்க.

பர்ரோஸ் ஆப்பிரிக்கா போயிருக்காரா?

கால் வெச்சதே இல்ல. முதல் கதை பத்திரிகைல வந்தப்ப ஆப்பிரிக்கக் காட்டுல புலியை விட்டுட்டாரு, வாசகருங்க ஆப்பிரிக்கால ஏதுய்யா புலின்னு பிடிச்சுக்கிட்டாங்க, புக்ல அது பெண் சிங்கமா மாறிடுச்சு. டார்ஜானை வளத்த மங்கானி இருக்கே, அதுவும் கொரில்லாவும் இல்ல சிம்பன்சியும் இல்ல, பேசத் தெரிஞ்ச ஒரு கற்பனைக் குரங்கினம். அதுங்களுக்கு ஒரு பாஷையும் குடுத்திருக்காரு, நூமான்னா சிங்கம், ஹிஸ்தான்னா பாம்பு, கோரோன்னா நிலா. ஆப்பிரிக்காவைப் பத்தித் தெரிஞ்சுக்க இந்த புக்கைத் தொடாதீங்க.

ஓபார் மாதிரி இடம் நிஜமா இருந்துச்சா?

இல்ல. அட்லாண்டிஸ் கடல்ல மூழ்கறதுக்கு முன்னாடி அங்கிருந்து தங்கம் தோண்ட வந்தவங்க கட்டின ஊருன்னு கதை. பேரு பைபிள்ல சாலமோன் ராஜாவுக்குத் தங்கம் வந்த ஓபீரை ஞாபகப்படுத்தும். இது பர்ரோஸ் மட்டும் கட்டின கற்பனை இல்ல, ரைடர் ஹாகார்ட் 1885லயே சாலமோன் சுரங்கம்னு நாவல் எழுதி இந்த ரூட்டைப் போட்டுட்டாரு.

இதுக்குப் பின்னாடி ஒரு நிஜ விவகாரம் இருக்கு. இப்ப ஜிம்பாப்வேல இருக்கிற கிரேட் ஜிம்பாப்வே கல் கோட்டைகளைப் பாத்த வெள்ளைக்காரங்க, ஆப்பிரிக்கக்காரங்க இதைக் கட்டியிருக்கவே முடியாது, பினீசியர் கட்டியிருப்பாங்க, சாலமோன் ஆளுங்க கட்டியிருப்பாங்கன்னு அடிச்சு விட்டுக்கிட்டிருந்தாங்க. 1905ல ராண்டல்-மக்கைவர் தோண்டிப் பாத்து இது உள்ளூர் ஜனங்க கட்டினதுதான்னு சொன்னாரு, 1929ல கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ப்சன் இன்னும் உறுதியா சொன்னாங்க. நாவல் வந்தது நடுவுல, 1916ல. ஓபார் படிக்கறப்ப அந்த மனப்பான்மை அப்படியே தெரியும், ஆப்பிரிக்கா நடுவுல பெரிய நகரம் இருந்தா அது வெளிய இருந்து வந்த வெள்ளைக்காரன் கட்டினதாதான் இருக்கணும்னு ஒரு முடிவு.

அப்ப இது இனவெறி புத்தகமா?

அந்த விஷயம் இதுல நிறையவே இருக்கு, பூசி மெழுக வேண்டியதில்ல. அரபுக்காரன்னா கொள்ளைக்காரன், அபிசீனியன்னா பேராசைக்காரன், கறுப்பினத்தவங்கன்னா ஒண்ணு எஜமான விசுவாசி இல்லன்னா பயந்தாங்கொள்ளி. டார்ஜானுக்கு நல்லது எல்லாம் ரத்தத்துலயே வந்துச்சுங்கிற மாதிரி ஒரு பேச்சு தொடர் முழுக்க ஓடும், நம்ம ஊர் ஆளுங்களுக்கு பிறப்பை வெச்சு மனுஷனை எடை போடற பேச்சு புதுசில்ல, அதனால அதை சீக்கிரமே மோப்பம் பிடிச்சுடுவோம். முகாம்பியும், வசீரி வீரன் பசூலியும் தைரியசாலிங்க, புத்திசாலிங்க, முகாம்பி குண்டடி பட்டும் ஜேனைத் தேடி தனியா போறான், இருந்தும் அவங்களுக்குன்னு ஒரு வாழ்க்கை கதைல கிடையாது. சின்னப் பசங்களுக்குக் குடுக்கறதா இருந்தா பக்கத்துல உக்காந்து பேசிட்டுக் குடுங்க.

வில்லன் ஏன் பெல்ஜியம்காரன்?

இது நல்ல கேள்வி. 1885ல இருந்து 1908 வரைக்கும் காங்கோ பெல்ஜியம் ராஜா ரெண்டாம் லியோபோல்டோட சொந்த சொத்து மாதிரி இருந்துச்சு, ரப்பருக்காகவும் தந்தத்துக்காகவும் அங்க நடந்த கொடுமை உலகம் முழுக்க நாறிப் போய் கடைசில பெல்ஜியம் அரசே எடுத்துக்கிச்சு. பர்ரோஸ் முதல் டார்ஜான்லயே லியோபோல்டைப் பேர் சொல்லித் திட்டியிருக்காரு. அதனால அமெரிக்க வாசகனுக்கு காங்கோல ஒரு கெட்டுப் போன பெல்ஜியம் அதிகாரின்னா உடனே புரியும். ஆனா அக்மத் ஜெக் மாதிரி அரபு-ஸ்வாஹிலி தந்த, அடிமை வியாபாரிங்க கிழக்கு காங்கோல செல்வாக்கா இருந்த காலம் லியோபோல்டோட படை கூட நடந்த 1892–94 சண்டையோடயே முடிஞ்சு போச்சு, கதை எழுதறப்ப அதெல்லாம் பழைய நியூஸ். பல்ப்புக்கு அதெல்லாம் கணக்கில்ல.

டார்ஜான் குடும்ப வயசுக் கணக்கு ஏன் உதைக்குது?

உதைக்கும். முதல் புக் படி அவங்க அப்பா அம்மா கப்பல் ஏறினது 1888. மூணாவது புக்ல பையன் கைக்குழந்தை, அது வந்தது 1914ல. நாலாவதுல அதே பையன் வளந்து கல்யாணமே பண்ணிக்கறான், எட்டாவதுல முதல் உலகப் போர்ல ஆர்கான் காட்டுல சண்டை போட்டுட்டு வந்தேங்கறான். எந்த கால்குலேட்டர்லயும் வராது. ஃபிலிப் ஹோசே ஃபார்மர்னு ஒரு எழுத்தாளர் 1972ல டார்ஜானுக்கு வாழ்க்கை வரலாறே எழுதி, மூணாவது புக் கைக்குழந்தையும் நாலாவது புக் பையனும் வேற வேற ஆளுங்கன்னு சொல்லி முட்டுக்குடுத்தாரு. ரசிகன்னா இப்படி இருக்கணும்.

2016ல வந்த படம் இந்தக் கதைதானா?

தி லெஜண்ட் ஆஃப் டார்ஜான் படத்துல ஓபார் வைரம் இருக்கு, காங்கோ இருக்கு, பெல்ஜியம் வில்லன் இருக்கு, ஜேனைத் தூக்கிட்டுப் போறதும் இருக்கு. ஆனா வில்லன் லியோன் ராம் நிஜமாவே காங்கோல இருந்த அதிகாரி, டார்ஜான் கூட வர்ற ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸும் நிஜ ஆளு, லியோபோல்டைக் கண்டிச்சு 1890ல பகிரங்கக் கடிதம் எழுதின கறுப்பின அமெரிக்கர். மறதியும் இல்ல, லாவும் இல்ல. இதை விட பழசு ஒண்ணு இருக்கு, 1921ல எல்மோ லிங்கன் நடிச்ச மௌன சீரியல், அது ரெண்டாவது புக்கையும் இதையும் கலந்து எடுத்தது.

முதல் நாலு படிக்காம நேரா இதைப் படிக்கலாமா?

முதல் ரெண்டைப் படிச்சுட்டு நேரா இதுக்கு வாங்க. ஒண்ணாவது முடியறதே பாதில முடியற மாதிரிதான் இருக்கும், ரெண்டாவது இல்லாம ஓபாரும் லாவும் ஒட்டாது. மூணும் நாலும் அப்புறமா பாத்துக்கலாம், முகாம்பி முதல்ல வர்றது மூணுலன்னாலும் இதுக்கு அது தெரிஞ்சே ஆகணும்னு இல்ல.

எங்க கிடைக்கும்? காசு குடுக்கணுமா?

அமெரிக்கால இதுக்கு காப்புரிமை காலம் முடிஞ்சு போச்சு, குட்டன்பர்க் தளத்துல இலவசமா இருக்கு. பர்ரோஸ் இறந்தது 1950, நம்ம நாட்டுல எழுத்தாளர் இறந்து 60 வருஷம்னு கணக்கு, அதுவும் தாண்டிடுச்சு. ஆனா டார்ஜான்ங்கிற பேருக்கு டிரேட்மார்க் இருக்கு, அவரே 1923ல ஆரம்பிச்ச கம்பெனி அதைக் கெட்டியா பிடிச்சு வெச்சிருக்கு. அதனால படிக்கறதுக்குப் பயமில்ல, புதுசா டார்ஜான் கதை எழுதி விக்கலாம்னு நினைக்கறவங்க மட்டும் ஒரு வக்கீலைப் பாத்துடுங்க. பழைய பேப்பர்பேக் கிடைச்சா விட்டுடாதீங்க, 1960கள்ல ஏஸ் கம்பெனி போட்டதுல சிலதுக்கு ஃபிராங்க் ஃபிராசெட்டா அட்டைப்படம், உள்ள இருக்கிறதை விட அது நல்லா இருக்கும்.

இது முடிஞ்சா அடுத்தது எது?

எட்டாவது, டார்ஜான் தி டெரிபிள், வால் முளைச்ச மனுஷங்களும் டைனோசர் மாதிரி ஒரு மிருகமும் இருக்கிற பள்ளத்தாக்கு, தொடர்லயே அதுதான் நல்லா கட்டின உலகம். லாவுக்காக வந்தவங்க ஒன்பதாவதுக்குப் போங்க, அங்க டார்ஜான் மாதிரியே முகம் இருக்கிற ஒரு நடிகனும் சேந்து வருவான். பத்துக்கு மேல போகப் போக ஒவ்வொரு புக்கும் ஒரு தொலைஞ்ச நகரம்தான், ஒண்ணுல ரோமானியர், ஒண்ணுல சிலுவைப் போர் வீரர்கள், பதினேழாவதுல எட்டாம் ஹென்றி ராஜா வேஷத்துல பேசற கொரில்லாக்கள், லண்டன்னு பேரு வெச்ச ஊர்ல, ஆமா, நிஜமாத்தான் சொல்றேன்.